போர்க்கால மணவாழ்க்கை நாவல்களில் ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

தில்லியில் தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகள் ஆய்வேட்டுத் தலைப்பு தேடி அலையும் நேரம் இது. ‘சரித்திர நாவல்களில் காதல்’ என்று எழுதிக்கொண்டு போனால், “அதை எல்லாரும் எழுதியாச்சு, வேற ஏதாவது யோசி” என்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிடுவார். நான் எடுத்தது, போர்க்காலத்தில் கணவன் மனைவிக்கு இடையே வளரும் ரகசியம். இதே பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கதைச்சுருக்கம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, ஓரத்தில் அத்தியாய எண்ணைப் போட்டு, பக்கத்தில் நீளவாக்கில் மூன்று பத்தி பிரியுங்கள்: கணவனுக்கு என்ன தெரியும், மனைவிக்கு என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும். நாவலைப் படிக்கப் படிக்க நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

எல்லாரும் படித்த ‘பொன்னியின் செல்வ’னையே இப்படிப் போட்டுப் பாருங்கள். கடம்பூர் மாளிகைக்குப் பெரிய பழுவேட்டரையருடன் ஒரு மூடுபல்லக்கு வருகிறது. உள்ளே இருப்பது இளையராணி நந்தினி என்று ஊர் நம்புகிறது, இருப்பவரோ அரியணைக்கு ஆசைப்படும் சோழ இளவரசர் மதுராந்தகர். உடம்பில் 64 விழுப்புண் வாங்கிய கிழவர், மனைவியின் பேரை மறைப்பாக வைத்துப் பட்டத்துக்கு ஆள் மாற்றும் சதியை நடத்துகிறார். அவளோ அவருடைய அரண்மனையையே மறைப்பாக வைத்து, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கையில் மாண்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியன் சாவுக்குப் பழிதீர்க்கக் காத்திருக்கிறாள். இப்போது பத்திகளைப் பாருங்கள். அவருக்குத் தன் ரகசியம் மட்டும் தெரியும். அவளுக்கு இரண்டும் தெரியும். அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு அவள் அழகைப் பற்றிய வர்ணனை எதையும் மேற்கோள் காட்ட வேண்டாம், இந்த நோட்டுப் பக்கம் போதும். “மோகத்தால் ஏமாந்த கிழவர்” என்று முடித்துவிடுகிற கட்டுரைகள் ஏராளம். அவரும் ஒளிக்கிறவர்தான் என்பதை அவை கவனிப்பதில்லை.

சரித்திர நாவல் என்பதால் எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துக் காட்டாமல் தப்ப முடியாது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது வரலாறு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பேரையே சொல்கிறது. பழுவேட்டரையர் என்ற குறுநிலத் தலைவர்களும் கல்வெட்டில் உண்டு. நந்தினி கல்கியின் படைப்பு. கல்வெட்டு பேரைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அவர் ஒரு கல்யாணத்தைக் கொண்டுவந்து வைத்தார். என் இரண்டாம் இயல் முழுக்க இதை வைத்துத்தான் ஓடியது.

சங்க இலக்கியத்தை முன்னுரையில் ஒப்புக்குத் தொட்டுவிட்டு ஓடாதீர்கள். ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று தொல்காப்பியம் போரைப் பிரிவுக்குக் காரணமாக வைத்துவிட்டது, சரி. அதை மேற்கோள் காட்டாத ஆய்வேடு கிடையாது. ஆனால் முல்லைப்பாட்டை உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு, 103 அடிதான். போருக்குப் போன அரசனுக்காகத் தலைவி காத்திருக்க, முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி, அதாவது நற்சொல் சகுனம், கேட்க நிற்கிறார்கள். கட்டிப்போட்ட கன்று தவிக்க, ஆய்மகள் ஒருத்தி ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். கன்றுக்குச் சொன்னதை அவர்கள் தலைவிக்கான சேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பாசறையில் அரசன் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கிறான். அவன் நினைப்பில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆனாலும் அவர்களுக்குள் மறைப்பு ஒன்றுமில்லை, தூரம் மட்டுமே. பழம்பாட்டில் தூரம் செய்த வேலையைச் சரித்திர நாவலில் ரகசியம் செய்கிறது. என் ஆய்வேட்டின் வாதமே இவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போர்க் கதைகளை எடுப்பவர்களுக்குத் தில்லியிலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. கரோல் பாக்கை ஒட்டிய ஆனந்த் பர்பத்தில், அப்போது ராம்ஜஸ் கல்லூரி இருந்த இடத்தில், ஜப்பானியரின் ரகசியச் செய்திகளை ஒட்டுக்கேட்டுப் பிரித்துப் படிக்கும் மையம் இயங்கியது. எதிரியின் ரகசியச் செய்திகளைப் பிரித்துப் படித்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கோடு தொடர்புடையது அது. பிளெட்ச்லியில் வேலை செய்தவர்கள் சட்டப்படி வாய் திறக்கக் கூடாது. 1970களின் நடுப்பகுதி வரை பலர் சொந்த வீட்டிலேயே சொல்லவில்லை. இப்படி அரசாங்கம் போட்ட பூட்டும், குற்ற உணர்ச்சியில் தானே போட்டுக்கொள்ளும் பூட்டும் ஒன்றல்ல. இரண்டையும் ‘ரகசியம்’ என்று ஒரே தலைப்பில் அடைத்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்மவர்கள் பக்கம் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் விழுந்தபின் அக்கரைக் கடிதம் வராமல் போனது. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டவர்களைப் பற்றி வீட்டுக்குத் தகவல் இல்லை. கணவன் மறைக்கவில்லை, தபால் இல்லை. ஆனாலும் மனைவியின் மனதில் அது மறைப்பாகவே புளிக்கிறது. இந்தப் பின்னணியில் நாவல் கிடைத்தால் விடாதீர்கள். கணவன் களத்தில், மனைவி வீட்டில் என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் 1943இல் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் துப்பாக்கி பிடித்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, போரை எடுத்துட்டா இந்த வீட்டு ரகசியம் நிக்குமா, விழுமா?” பழுவேட்டரையர் வீட்டில் விழுந்துவிடும் சார், வீரபாண்டியன் போரில் தலை இழக்காமல் இருந்தால் நந்தினி அந்தக் கல்யாணத்துக்கே சம்மதித்திருக்க மாட்டாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாவலுக்குப் போனார். இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாவலிடமும் முன்னதாகவே கேட்டுவையுங்கள். போரை எடுத்தாலும் ரகசியம் அப்படியே நின்றால், அது திரைச்சீலையாகப் போரைத் தொங்கவிட்ட குடும்பக்கதை. தள்ளிவைப்பது நல்லது, எவ்வளவு பிடித்த எழுத்தாளரானாலும்.

புத்தகங்களுக்கு ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகத்தையும் பாருங்கள். ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்தில் புகுந்தால் வெளியே வர மனசு வராது, எம்.ஏ.வுக்கு அது தேவையுமில்லை. மேற்கோளுக்குப் பாகமும் அத்தியாய எண்ணும் கொடுங்கள். கல்கியைப் பல பதிப்பகங்கள் போடுவதால் உங்கள் பக்க எண் தேர்வாளர் கையிலிருக்கும் புத்தகத்தோடு ஒத்துப்போகாது.