லேபிளில் எழுதாத நேரம்

31 ஜனவரி 2025, வெள்ளி

நேற்று உச்ச நீதிமன்றத்தில் பாலாற்றுத் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டுமாம். கெடுத்தவரே கட்ட வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-லேயே சொல்லியாகிவிட்டது. 28 வருடத்துக்கும் மேல்! சத்துவாச்சாரி கோர்ட் வாசல் டீக்கடையில் இன்று முழுக்க இதே பேச்சு.

எனக்கு என் பழைய லேப் ஞாபகம். டைஃபீனைல்கார்பசைடு என்ற சோதனை ரசாயனத்தை விட்டதும் தண்ணீர் ஊதாவாகும். ஊதா அடர்ந்தால் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு அதிகம். ஆறு வருடம் அந்த ஊதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு கெட்டதை மறைத்து நிலத்தை விற்றுவிட்டார் என்று, அதை வாங்கினவர் போட்ட வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை. "மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தது? 24 மணி நேரத்துக்குள் சோதித்தீர்களா?" லேபிளில் தேதி இருந்தது, நேரம் இல்லை. வாயடைத்து நின்றேன். தாமதமானால் அந்தக் குரோமியத்தின் அளவு பெரும்பாலும் குறையத்தான் செய்யும், அதிகமாகாது. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர் மேல் கோபமே வரவில்லை. சரியான கேள்விதானே. அடுத்த வருடம் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பாத்திமா பீவியும் வேதியியல் படித்தவர்தான். 1958-ல் முன்சீஃப் (கீழ்க்கோர்ட் நீதிபதி), 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பிறகு நமக்கே ஆளுநர். அவரைச் சட்டம் படிக்கச் சொன்னது அவர் அப்பா. என் அப்பா இன்னும் "மாதச் சம்பளத்தை விட்டுட்டியேம்மா" என்கிறார்.

21 மே, புதன்

சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று நேற்று தீர்ப்பு. எனக்கு எட்டு மாதம் பாக்கி. முதன்மை நீதித்துறை அதிகாரியோ, அவர் ஒப்புதலோடு பத்து வருட அனுபவமுள்ள வக்கீலோ தரும் சான்றிதழும் வேண்டும். நான் ஜூனியராக இருக்கும் சீனியர் வக்கீல் மேடம் சிரித்தார்: "அப்போ என்னோட சண்டை போடாம இரு."

15 ஜூன், ஞாயிறு

தீர்ப்பு எழுதிப் பழகச் சொன்னார் மேடம். வேண்டுமென்றே அந்தக் கிணற்று வழக்கையே எடுத்தேன். முதல் எழுவினாவிலேயே (தீர்ப்பில் முடிவு செய்ய வேண்டிய கேள்வி) பேனா நின்றுவிட்டது. அந்த அளவு சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் கோர்ட் பதிவில் அது இல்லை. நீதிபதி தன் சொந்த அறிவை வைத்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது. லேபாக இருந்தால் இன்னொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் அறிக்கையை நானே ஏற்க மறுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று காலையில் மேடம் படித்துவிட்டு, "மத்த சாட்சியெல்லாம் எங்கே? நிலத்தை வாங்கினவர் என்ன சொன்னார்?" என்றார்.

அவருடைய சாட்சியத்தை நான் இதுவரை படித்ததே இல்லை. நாளைக்கு நகல் மனு போட வேண்டும்.