படத்தில் வராத அந்த இரவு

ஆங் லீ இயக்கிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1995) படத்தைப் பார்த்த பிறகு, ஜேன் ஆஸ்டினின் நாவலை (1811) இப்போதுதான் படித்து முடித்தேன். கதை தெரிந்திருந்தும் கீழே வைக்க மனசு வரவில்லை.

இரண்டாம் அத்தியாயம் ஒன்று போதும். சாகக் கிடந்த அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, தங்கைகளுக்கு 3000 பவுண்டு தர நினைக்கிறான் ஜான். மனைவி ஃபேனி பேசப் பேச அது பாதியாகிறது. அப்புறம் தங்கைகளின் அம்மாவான சித்திக்கு வருஷம் 100. அதுவும் போய், எப்போதாவது 50. கடைசியில் வீடு மாற ஒத்தாசை, அவ்வப்போது மீனும் வேட்டைக்கறியும், அவ்வளவுதான்! எல்லாம் ஒரே பேச்சில். படத்திலும் இது உண்டு, ஆனால் எழுத்தில் படிக்கும்போது வயிறு எரிகிறது.

திரைக்கதைக்காக எம்மா தாம்ப்ஸன் வாங்கிய ஆஸ்கர் நியாயமானது. துடுக்கான கடைக்குட்டி மார்கரெட் அவர் கைவண்ணம்; நாவலில் அவள் இருப்பதே தெரியாது. ஆனால் நடுத் தங்கை மேரியானைக் காதலித்துக் கைவிட்ட வில்லோபி? படத்தில் தூரத்தில் குதிரைமேல் இருந்து பார்ப்பதோடு சரி. நாவலில், மேரியான் சாகப்போகிறாள் என்று கேள்விப்பட்டு இரவில் ஓடி வந்து, அவளுடைய அக்கா எலினாரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். அவளுக்கே மனம் இளகிவிடுகிறது. இதை எப்படி விட்டார்கள் என்று ஆறவே இல்லை. படம் பார்த்தவர்கள் 44ஆம் அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள்.