அவன் கீழே இருக்கும் நாட்கள்

மார்ச் 3

மகன் போய்விட்டான், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கியில். கப்பலின் பெயர், புறப்படும் நாள், திரும்பும் நாள் மூன்றையும் எங்கும் எழுத வேண்டாம் என்று குடும்பங்களுக்கான கூட்டத்தில் சொன்னார்கள். எழுதவில்லை. கப்பல் என்று சொன்னாலே அவனுக்கு ஆகாது. "ஷிப் இல்லப்பா, போட்." 560 அடி நீளம், உள்ளே 150 பேருக்கு மேல். அதற்குப் பெயர் போட்.

மார்ச் 4

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பாதிதான் சாப்பிட்டிருந்தான்.

மார்ச் 7

முதல் மெயில். இவள், அவன் அம்மா, இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாள். நான் நான்கு வரி எழுதி, நான்கையும் அழித்தேன். கெட்ட செய்தி எழுதக் கூடாது. நாம் எழுதுவதை வேறொருவர் படித்த பிறகே அவன் கைக்குப் போகும். அதுவும் உடனே இல்லை; சேர்த்து வைத்து, போட்டுக்குத் தோதான நேரத்தில் மொத்தமாகப் போகும். மேலேயிருந்து அனுப்புவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும், அதனால் முடிந்தவரை பேசமாட்டார்கள், பதில் வருவது அபூர்வம். வேலையே அதுதான், இருக்கும் இடம் தெரியாமல் இருப்பது.

கடைசியில், பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பைப் பற்றி எழுதினேன். ஓடுகிறது, நிற்கிறது, இரண்டு நிமிடத்தில் மறுபடி ஓடுகிறது. அன்புடன் அப்பா.

மார்ச் 8

அதைப் பற்றி எழுதியிருக்கலாம். அந்த வேறொருவர் படித்தால் என்ன?

மார்ச் 12

இன்று முழுக்க அவன் படித்த படிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டபோது இவள் அழுதாள், நான் கத்தினேன். கிரேட் லேக்ஸில் கடற்படையின் ஆரம்பப் பயிற்சி. அப்புறம் க்ராட்டனில் நீர்மூழ்கிப் பள்ளி. அங்கே ஒரு அறை உண்டு: சுவரெல்லாம் குழாய்கள், திடீரென்று பீய்ச்சி அடிக்கும், பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று துணியும் ஆப்பும் பட்டையும் வைத்து அடைக்க வேண்டும். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு ஜார்ஜியாவில் கிங்ஸ் பே, ஏவுகணைப் பயிற்சி. அதைப் பற்றி மட்டும் சொல்லவே மாட்டான்.

முதல் பயணத்தில் அவன் வெறும் பயல். ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆளிடமும் கையெழுத்துக்கு அலைந்தானாம். காற்று எங்கே போகிறது, எண்ணெய் எங்கே போகிறது, மின்சாரம் நின்றால் எந்த வால்வை மூட வேண்டும், எல்லாம் இருட்டில் கை தடவியே தெரிந்திருக்க வேண்டும். சமையல்காரருக்கும் இதே பரீட்சைதான். தீப்பிடித்தால் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர்தானே அணைக்க வேண்டும்! கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து கேள்வி கேட்டு, தேறினால் சட்டையில் வெள்ளி டால்ஃபின் சின்னம் குத்துவார்கள். அதிகாரிகளுக்குத் தங்க நிறம். என் வாழ்நாளில் எனக்கு யாரும் எதையும் குத்தியதில்லை என்று சொன்னேன். அன்றைக்கு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13

பம்ப்.

மார்ச் 18

சரி, எழுதிவிடுகிறேன். அவன் கிளம்புவதற்கு முந்தின இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "உத்தரவு வந்தா நீ செய்வியா?"

ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் கணக்கு பார்க்கிறவன், எதையும் கடைசி வரிவரை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். அவன் சொல்லாததை எல்லாம் படித்து வைத்திருந்தேன். அணு ஏவுகணைக் குழாய்கள் 24 இருந்தவற்றில், ரஷ்யாவுடனான ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்காக நான்கை முடக்கி 20 ஆக்கினார்கள். ஒவ்வொரு ஏவுகணையும் 7,000 கிலோமீட்டருக்கு மேல் போகும். நீராவியால் உந்தி வெளியே தள்ளுவார்கள், தண்ணீருக்கு மேலே வந்த பிறகே பற்றிக்கொள்ளும். கேப்டன் நினைத்தாலும் தனியாக முடியாது, வந்த ஆணை மெய்தானா என்று அதிகாரிகள் இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். 1994இல் அமெரிக்க அதிபர் கிளின்டனும் ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் பேசி முடிவெடுத்ததிலிருந்து வழக்கமான நாட்களில் குறி நடுக்கடலை நோக்கித்தான். இவனைப் போன்றவர்கள் குழாய்களின் சூட்டையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள். அந்தக் குழாய்களுக்கு நடுவில்தான் படுக்கை, ஒன்பது பேருக்கு ஓர் அறை.

இவ்வளவும் தெரிந்துதான் கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து தட்டைக் கழுவி வைத்தான். விடியும் முன் நண்பனின் காரில் போய்விட்டான்.

மார்ச் 19

இவளிடம் சொன்னேன். "உங்களுக்கு எதை எப்ப கேக்கணும்னே தெரியாது" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 24

தூக்கம் இல்லை. ஆர்க்கிபோவ் என்ற சோவியத் கடற்படை அதிகாரியைப் பற்றிப் படித்தேன். 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடி. அவர் இருந்தது பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி, உள்ளே பேய் வெக்கை, மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டு போட்டுக்கொண்டிருக்கின்றன. கேப்டன் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். ஆர்க்கிபோவ் சம்மதிக்கவில்லை, கேப்டனைச் சமாதானப்படுத்தினார் என்கிறார்கள். அது ஏவுகணைக் கப்பல் அல்ல, டீசலில் ஓடியது. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு என் மகனுக்கும் அதற்கும் நடுவே இந்த வித்தியாசங்கள் எல்லாம் நிற்கவில்லை.

அவரிடம் அவருடைய அப்பா இப்படி ஏதாவது கேட்டிருப்பாரா?

மார்ச் 30

முன்பு இவர்களுக்கு ஒரு நாள் என்பது 18 மணி நேரமாம். ஆறு மணி நேரம் பணி, மீதி பன்னிரண்டில் படிப்பு, பயிற்சி, தூக்கம். இப்போது 24 ஆக்கிவிட்டார்கள். எனக்குத்தான் 40 மணி நேரமாக ஓடுகிறது.

ஏப்ரல் 2

அலமாரியில் அவன் பழைய பை. முதல் பயணத்திலிருந்து கொண்டுவந்தது. கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு ரசாயனம் வைத்திருக்கிறார்கள், அமீன். அதோடு டீசல், எண்ணெய், சமையல் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. மூன்று முறை துவைத்தும் போகவில்லை. இவள் நான்காவது முறை துவைக்க எடுத்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10

இந்தத் தேதி வேண்டாம் என்று நினைத்தும் தேடினேன். 1963, மூழ்கிப்போன அமெரிக்க நீர்மூழ்கி த்ரெஷர், இறந்தது 129 பேர். ஆழத்தில் சோதனை ஓட்டம், மேலே துணைக்கப்பல் காத்திருக்கிறது. எஞ்சின் அறையில் ஒரு குழாய் இணைப்பு விட்டிருக்கலாம் என்றார்கள். மேலே வரக் காற்றை அடைத்துத் தண்ணீரைத் தள்ளப் பார்த்தபோது, காற்றுக்குழாயின் வடிகட்டியில் பனிக்கட்டி உறைந்துகொண்டது. பனிக்கட்டி! அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு இணைப்புக்கும் யார் செய்தார், யார் பார்த்தார் என்று காகிதம் வைக்கும் முறை வந்தது. அந்த முறையில் தேறிய எந்த நீர்மூழ்கியும் இதுவரை மூழ்கவில்லை. இந்த வரியை நான்கு முறை படித்தேன்.

கீழே பம்ப் ஓடுகிறது.

ஏப்ரல் 13

அணு ஆயுதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் மனநிலையையும் கண்காணிக்க விதி இருக்கிறது. தடுமாற்றம் தெரிந்தால் அந்த வேலையிலிருந்து விலக்கி வைப்பார்கள். என் கேள்வி அவன் மண்டையில் உட்கார்ந்து, அது வெளியே தெரிந்து... இவளிடம் சொன்னேன். "அவன் உங்களை மாதிரி இல்ல" என்றாள்.

ஏப்ரல் 16

மெயில்! இவளுக்கு ஐந்து வரி: நலம், சாப்பாடு பரவாயில்லை, தலைமுடி வெட்டினேன். எனக்கு ஒன்று தனியாக. ஆங்கிலத்தில், நீளமாக. இவளிடம் காட்டாமல் மாடியில் போய்ப் படித்தேன்.

முழுக்கப் பம்ப்.

ஓடி நின்றதும் குழாயில் காது வை, சளசளவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கிறதா பார். கேட்டால், மேலே ஏற்றிய தண்ணீரே திரும்பக் குழியில் விழுகிறது, அதைத்தான் பம்ப் மறுபடி மறுபடி இறைக்கிறது. தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வின் மூடி சரியாக மூடவில்லை. முதலில் மின்சாரத்தைத் துண்டி. இரண்டு முறை சொல்கிறேன், துண்டி. பிறகு கழற்று. அவசரப்படாதே.

அந்த இரவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 17

காது வைத்தேன். இறங்குகிறது.

ஏப்ரல் 18

மூடியின் இடுக்கில் ஒரு கூழாங்கல், பட்டாணி அளவு. எடுத்துவிட்டு மாட்டினேன். வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. இரவில் இரண்டு முறை எழுந்து கீழே போய்ப் பார்த்தேன், நின்றுதான் இருந்தது.

கல்லை மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

நல்ல மழை. இரண்டே முறை ஓடியது. அவனுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் கழற்றினேன் என்று முதல் வரி. அடுத்து