கச்சேரி டிக்கெட்டும் கூட்டுப் பணமும்

2025 மார்ச் 1, சனிக்கிழமை, செந்தூல், கோலாலம்பூர்

இபிஎப் (ஊழியர் சேமநிதி) லாப ஈவு அறிவித்துவிட்டார்கள். 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு 5.50தான். என் கணவருக்கு ஒரே சந்தோஷம், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மகள் வாயைத் திறந்தாள். புக்கிட் ஜாலில் கச்சேரிக்கு டிக்கெட் 400 வெள்ளியாம் (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்), இபிஎப் மூன்றாவது கணக்கிலிருந்து எடுக்கப்போகிறாளாம். போன வருஷம் மே மாதம் வந்த கணக்கு அது. மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழும். 50 வெள்ளி இருந்தாலே எடுத்துக்கொள்ளலாம்.

அவர் பேனாவை எடுத்தார். "உனக்கு இப்போ 23. வருஷம் ஐந்து விழுக்காடுன்னு வைச்சாலும் 55 வயசுல இது 1,900 வெள்ளி. ஒரு ராத்திரி பாட்டுக்கு 1,900 வெள்ளியா?"

நானும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் 23 வயதில் கூட்டத்தோடு நின்று கேட்கிற பாட்டை 55 வயதில் போய்க் கேட்க முடியுமா? இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு முதல் நாள். சாயங்காலம் பஜாரில் முர்தபா வாங்கிக்கொண்டு அண்ணன் வந்தார். பேச்சு எப்படியோ 'கபாலி'க்குப் போய்விட்டது.

"கடைசியில போலீஸ்ல சரணடைஞ்சிட்டான்" என்றார் இவர்.

"இல்ல மாப்பிள்ளை, துப்பாக்கிச் சத்தம் கேட்கும், அதோட படம் முடிஞ்சிடும்." அண்ணன் அந்தப் படத்தை 2016இல் பழனிக்குப் போயிருந்தபோது அங்கே தியேட்டரில் பார்த்தவர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இங்கே மலேசியாவில் திரையிட்டபோது, கபாலி போலீசில் சரணடைந்தான் என்று முடிவில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வரி கிடையாது. நான் இதை எடுத்துச் சொன்ன பிறகும் இரண்டு பேரும் விடவில்லை. முர்தபா ஆறியே போனது.

மகள்தான் கேட்டாள்: "ஒன்பது வருஷத்துக்கு முன்னால பார்த்த படத்துக்கு இன்னைக்கும் சண்டை போடுறீங்க. அந்த டிக்கெட் காசு வீணாப் போச்சாப்பா?" அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மார்ச் 5, புதன்

இன்று அத்தையின், அதாவது அவருடைய அம்மாவின், கூட்டு நாள். கூட்டு என்றால் சீட்டுதான்; மாதம் ஒருவருக்கு மொத்தப் பணமும் விழும். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 300 வெள்ளி. அத்தை கணக்கு வைக்கும் 555 நோட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருப்பார். சின்ன நோட்டு, அட்டையின் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பென்சிலில் ஒரு கோடு. பணம் கட்டியவர் கோட்டின்மேல் பேனாவால் குறுக்கே ஒரு வெட்டு. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர்களை எழுதிக் கொடுத்தது நான்தான்.

கூட்டு நடத்தக் கூடாது என்று 1971லேயே சட்டம் வந்துவிட்டது. இதில் எனக்குப் பட்ட அனுபவமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்கு மாதம் கட்டி முடித்த நேரத்தில் கூட்டுத் தலைவி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். 1,200 வெள்ளி போயிற்று. பயத்தில் யாரும் புகார் கொடுக்கப் போகவில்லை. இவ்வளவும் தெரிந்தும், மகளின் 400 வெள்ளிக்குப் பேனா எடுத்தவர் அம்மாவின் நோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. டிக்கெட் வாங்கினால் போவது 400 வெள்ளி, அதோடு சரி. கூட்டில் எவ்வளவு போகும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் 8, சனி

விஷயம் இன்றுதான் வெளியே வந்தது. அவருடைய கூட்டாளி, அதாவது நண்பர் ஒருவர் ஏதோ திட்டம் சொல்லியிருக்கிறாராம். 5,000 வெள்ளி போட்டால் மாதம் ஐந்து விழுக்காடு. மாதம்! அப்படியென்றால் வருஷத்துக்கு அறுபது. கோடிக்கணக்கில் முதலீடு செய்கிற இபிஎப்பே வருஷத்துக்கு 6.30தான் கொடுக்கிறது. சட்டப்படி அவர்கள் உறுதி தருவது 2.5 மட்டும்.

"பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியல்ல பார்த்துட்டேன், இந்தப் பேரு இல்ல" என்றார். பேங்க் நெகாரா என்பது நாட்டின் மத்திய வங்கி.

"பட்டியல்ல இல்லன்னா லைசென்ஸ் இருக்குன்னு அர்த்தமாங்க? இன்னும் யாரும் புகார் கொடுக்காம இருந்திருக்கலாம்."

குரல் உயர்ந்துவிட்டது. அத்தை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இந்த மாதம் 3,000 வெள்ளி விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டு, "இத பேங்க்ல போட்டா பத்திரமாம்மா?" என்று கேட்டார். ஒரு பேங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு என்று சொன்னேன். திங்கட்கிழமை அரை நாள் லீவு எடுத்து அழைத்துப் போகிறேன். மீதி மாதங்களுக்கும் அவர் தவறாமல் கட்டியாக வேண்டும், அது வேறு.

மகள் டிக்கெட் வாங்கிவிட்டாள். இபிஎப்பைத் தொடவில்லை, சம்பளக் காசுதான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு நானே சொல்கிறேன்.

கூட்டாளிக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த 5,000 எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிற சேமிப்பு. நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.