ஆர்.பி.எஸ்.ஜி.டி: இரண்டாவது முறை, எம்2 புண்ணியத்தில்

ஆர்.பி.எஸ்.ஜி.டி என்பது ராத்திரித் தூக்கத்தைப் பதிவுசெய்யும் டெக்னீஷியன்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் தேர்வு. போன வாரம் ரிசல்ட். பாஸ். முதல் தடவை 338 வாங்கி, பாஸ் மார்க்கான 350-க்குப் பன்னிரண்டு குறைந்து நின்றேன். டாலரில் கட்டிய பணத்தை நினைத்து இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவேயில்லை.

ஸ்கோரிங் விதிகள் (தூக்க நிலைகளைக் குறிப்பது), மருந்துகள், சி-பாப் டைட்ரேஷன் (மூச்சுக் கருவியின் காற்றழுத்தத்தைச் சரிசெய்வது) எல்லாம் தலைகீழாகத் தெரியும். விழுந்தது ஆர்டிஃபாக்டில், அதாவது பதிவில் புகும் பொய் அலைகளில். ஆறு வருடமாக ராத்திரி ஒயர் மாட்டுகிறவன் அதிலா விழுவான்? விழுவான். திரையில் எது கோணலாக வந்தாலும் கரண்ட் இரைச்சலை வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் எனக்கு.

கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதினேன். அதனால் என் டூட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் இரண்டு கண் சேனலிலும் மெதுவான அலை. கண் உருளுகிறது என்று என்1 (லேசான முதல்நிலைத் தூக்கம்) போட்டுக்கொண்டே போனேன். காலையில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, கண் உருண்டா ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். இது ரெண்டும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்குதே, எப்படிடா?" என்றார். மூச்சோடு ஒத்துப் போன அலை அது. நோயாளி வலது பக்கம் ஒருக்களித்து வலது காதுக்குப் பின்னால் ஒட்டிய எம்2 எலெக்ட்ரோடை அழுத்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். கண் எலெக்ட்ரோடுகளான ஈ1, ஈ2 இரண்டுக்கும் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிடும் புள்ளி, அதுதானே. இடது காதுக்குப் பின்னால் இருக்கும் எம்1-ஐ நம்பியிருந்த தலைச் சேனல்கள் எஃப்4, சி4, ஓ2 மூன்றும் பளிச்சென்று இருந்தன. ஆளை எழுப்பக்கூட வேண்டாம். கண் சேனல்களை எம்1-க்கு மாற்றியிருந்தால் போதும்.

இரண்டாவது முறை நான் படித்தது பெரும்பாலும் இதுதான்: கோளாறு எந்தெந்த சேனலில் இருக்கிறது, எதில் இல்லை, இருப்பவற்றுக்குப் பொதுவான எலெக்ட்ரோடு எது? ஃபில்டர் என்று ஆரம்பிக்கும் ஆப்ஷனைக் கடைசியில்தான் பார்த்தேன். மனப்பாடப் புலிகளுக்கு இந்த வழி ஒத்துவராமல் போகலாம். நான் படம் போட்டுப் பார்க்கிற ஆள்.

மற்றவை, வேகமாக:

- நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். தேர்வு அமெரிக்காவுடையது, அங்கே 60. பழக்கத்தில் கை 50-க்குப் போகும்.
- இம்பீடன்ஸ் (எலெக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குள். நம் ஆட்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். முந்தின நாளே போனில் "தலைக்குக் குளிச்சிட்டு, எண்ணெய் வைக்காம வாங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள். நெற்றி விபூதியையும் துடைத்துவிட்டே ஜெல் தேயுங்கள்.
- வியர்வை அலைக்கு மருந்து ஏசி. மெதுவான அலைகளை வெட்டும் லோ ஃபில்டரை 0.3 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றினால் ஆழ்ந்த தூக்கத்தின் டெல்டா அலையும் சேர்ந்து தேயும்.
- மூக்கடியில் மூச்சின் சூட்டை உணரும் தெர்மிஸ்டரின் முனை தோலைத் தொட்டால் அலை படுத்துவிடும். மூக்குத்தி போட்டவர்களிடம் இருமுறை பாருங்கள்.
- மருதாணி விரலில் ஆக்சிமீட்டர் மாட்டாதீர்கள், வேறு விரல் தேடுங்கள்.
- பயோகால் (பதிவுக்கு முன் நோயாளியைக் கண் அசைக்க, மூச்சுப் பிடிக்கச் சொல்லிச் சேனல்களைச் சோதிப்பது) செய்யும்போது "மூச்சைப் பிடிங்க" என்றால் பாதிப் பேர் முதலில் ஆழமாக இழுப்பார்கள். காத்திருங்கள்.
- தலையில் எலெக்ட்ரோடு வைக்கும் இடங்களை அளக்கும் 10-20 கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். நேசியனிலிருந்து (மூக்கின் மேல் பள்ளம்) இனியன் (பின்தலை மேடு) வரை 36 செ.மீ என்றால் நெற்றிப் புள்ளி எஃப்பிஇசட் பத்தில் ஒரு பங்கான 3.6-இல், உச்சிப் புள்ளி சிஇசட் பாதியான 18-இல். தேர்வுக்கு முந்தின ராத்திரி என் தங்கை தலையில் மார்க்கரால் புள்ளி வைத்துப் பழகினேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.