உப்புக்காற்றுக்குத் தாங்குகிற கோல் போஸ்ட்

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை என்று இந்த ராமநாதபுரம் கரையோரம் எங்கே ஃபுட்பால் மைதானம் போட்டாலும் முதலில் துருப்பிடிப்பது கோல் போஸ்ட்தான். கேலரியும் லைட்டும் பிறகு வரட்டும். கையில் இருக்கிற பணத்தை முதலில் போஸ்ட்டில் போடுங்கள்.

இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில் உள் அளவு 7.32 மீட்டர். தரையிலிருந்து மேல்கம்பியின் அடிவிளிம்பு வரை 2.44 மீட்டர். போஸ்ட், மேல்கம்பி இரண்டின் தடிமனும் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாலு இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் வெளிவிட்டம் 11.4 சென்டிமீட்டர், அதனால் அதுவே சரி. ஆனால் கடையில் பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும், மேல்கம்பிக்கு ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சரிபாதியாக வெட்டி நடுவில் ஒட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பி அதிகம் வளைவது நடுவில். பையன்கள் தொங்குவதும் அங்கேதான். முழுப் பைப்பை வெட்டாமல் வைத்து, குறைகிற துண்டை ஒரு ஓரத்தில் சேர்த்தால் ஒட்டு போஸ்ட் பக்கம் ஒதுங்கிவிடும். உள்ளே இறுக்கமாக நுழைகிற பைப்புத் துண்டு ஓர் அடிக்குச் செருகிய பிறகு வெல்டிங் வைக்கட்டும்.

வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். உப்புக்காற்று அங்கேதான் பிடிக்கும். கசடைத் தட்டி, நன்றாகத் தேய்த்து, ஜிங்க் பெயிண்ட் இரண்டு கை அடித்து, அதற்கு மேல் வெள்ளை அடிக்க வேண்டும்.

துரு பிடிக்கிற இன்னொரு இடம் பைப் மண்ணுக்குள் இறங்குகிற விளிம்பு. புதையும் பகுதிக்குத் தரைமட்டம் வரை தார் பூசுங்கள். இரண்டரை அடிக் குழி எடுத்து கான்கிரீட் போடும்போது கடல்மணலும் உவர்த்தண்ணீரும் கலக்கவே கூடாது, அந்த உப்பு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். செலவு மிச்சம் என்று புதைக்காமல் நிறுத்துகிற போஸ்ட் வேண்டவே வேண்டாம். ஒரு குழந்தை தொங்கினால் அப்படியே அதன் மேலேயே சாயும், உயிர் போயிருக்கிறது.

வலைக்குக் கரையில் பழைய வலை சும்மாவே கிடைக்கும். தங்கூசி வலையை மட்டும் தொடாதீர்கள். மெல்லிய நரம்பு, பந்தெடுக்கிற கீப்பரின் விரலை அறுத்துவிடும். முறுக்கிய தடித்த நைலான் வலைதான் தோது. கிழிந்தால் பொத்துவதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

கோல் வாய் மணலாகவே இருந்தால் கீப்பர் குதிக்கக் குதிக்கக் குழிந்துபோகும். அனுமதி வாங்கிக் கண்மாய்க் கரம்பை (களிமண்) கொண்டுவந்து, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு கலந்து, நனைத்து, திமிசு போடுங்கள். கரம்பையை மட்டும் கொட்டினால் வெயிலில் வெடிக்கும், மழையில் வழுக்கும். மேலே அறுகம்புல் பதியுங்கள். கொஞ்சம் உவரையும் அது தாங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் டேப் வைத்து மேல்கம்பியின் நடுவில் உயரம் அளந்து பாருங்கள். 2.50 காட்டினால் போஸ்ட் வளர்ந்துவிடவில்லை, தரை இறங்கியிருக்கிறது. அதே கலவையைப் போட்டு மறுபடி 2.44-க்குக் கொண்டுவந்த பிறகு ஆட்டத்தை வையுங்கள்.