இம்பெடிமென்ட்டா

நிர்வாகப் பிரிவில் இருந்தபோது, கிளை அலுவலகங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றும் வேலை அடிக்கடி என் தலையில் விழும். ஓடாத டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பேட்டரி செத்த யூபிஎஸ், சாவி தொலைந்த பீரோ என எதையும் தூக்கிப்போட முடியாது. எல்லாம் அலுவலகச் சாமான் கணக்கான டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கும்.

லாரி வாடகைக்கு ஒப்புதல் கேட்டுப் போனபோது, பட்டியலைப் பார்த்த மேலாளர், "இது சாமான் இல்லப்பா, இம்பெடிமென்ட்டா" என்றார். தேடிப் பார்த்தேன். நடையைத் தாமதப்படுத்தும் மூட்டை முடிச்சுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல். லத்தீனிலிருந்து உருமாறாமல் வந்தது. அதற்குள் இருக்கும் 'பெஸ்' என்பது பாதம். காலைக் கட்டிப்போடுவது 'இம்பெடிரே'. ஒருமையில் சொன்னால் தடை. பன்மையில் சொன்னால் ரோமானியப் படையோடு போகும் சாமான்கள், சுமக்கிற விலங்குகள் உட்பட. பெயர் வைத்தவன் ஸ்டோர்ஸில் வேலை பார்த்திருக்க வேண்டும். சீக்கிரம் முடி என்று தலைமையகத்திலிருந்து தினமும் வரும் 'எக்ஸ்பெடைட்' இதற்கு நேர் எதிர்: கட்டிய காலை அவிழ்த்துவிடு!

கி.மு. 57இல், இன்றைய பெல்ஜியம் பக்கத்து நெர்வியர்கள் என்ற இனத்தார் சாபிஸ் ஆற்றங்கரைக் காட்டில் ரோமானியத் தளபதி சீசருக்காகப் பதுங்கியிருந்தார்கள். லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதன் சாமான்கள் நீளமாக வரும், முன்னால் வருபவர்களுக்குப் பின்னால் உள்ளவர்கள் உதவ முடியாது என்று அவர்களுக்குத் துப்பு கிடைத்திருந்தது. சீசரோ வரிசையை மாற்றிவிட்டார். ஆறு லெஜியன்கள் கைவீசி முன்னால், சாமான்கள் மொத்தமும் அவற்றுக்குப் பின்னால், காவலுக்குப் புதிய லெஜியன்கள் இரண்டு கடைசியில். சாமான் வண்டிகள் கண்ணில் பட்டதும் நெர்வியர்கள் பாய்ந்தார்கள். சண்டை ரோமானியர்கள் கைமீறிப் போகப் பார்த்தது. ஆனாலும் தப்பித்து ஜெயித்தார்கள்.

அவருக்கு முன்பே மாரியஸ் என்ற தளபதி, வண்டிச் சுமையைக் குறைக்கப் படைவீரர்களின் முதுகிலேயே ஏற்றிவிட்டார். அவர்களுக்கு 'மாரியஸின் கோவேறு கழுதைகள்' என்று பட்டப்பெயர். ஆள் குறைப்புக்கு அப்புறம் எங்கள் செக்‌ஷனில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சீசர் வரிசையை நானும் பிடித்துக்கொண்டேன். முதலில் கவுன்டர் ஆட்களும் கம்ப்யூட்டர்களும். மற்றதெல்லாம் கடைசி நடையில். அடுத்த முறை, இடம் மாறுவதற்கு முன்பே உதவாத சாமான்களைக் கழித்துக்கட்ட ஒப்புதல் தரும் கண்டம் கமிட்டியைக் கூட்டச் சொல்லி நோட் போட்டேன். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் எப்போதும் லீவில் இருந்தார். சரி, எப்படியோ ஏலம் முடிந்து, காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போனார். லாரி நடை குறைந்தது. இவ்வளவு மலிவாக ஏன் விற்றீர்கள் என்று மட்டும் ஆடிட்டில் கேட்டார்கள்.